சிறுகுறிஞ்சான் இலை கணையத்தைக் காக்குமா?
தரமணியில் எலிகள் பிழைத்தன. மனிதர் சங்கதி இன்னும் முடியவில்லை

சென்னைக்கு மேற்கே, அம்பத்தூருக்கும் திருவேற்காட்டுக்கும் நடுவே இருக்கிறது அயனம்பாக்கம். ஏரியும் வயலுமாக இருந்த ஊர். ஏரி இன்றும் இருக்கிறது. வயல்கள் இருந்த இடத்தில் அடுக்கு மாடி வீடுகள் வந்துவிட்டன. நாள் முழுவதும் சேற்றில் இறங்கி உழைத்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று நாற்காலியில் அமர்ந்து வேலை பார்க்கிறார்கள். சாப்பாட்டில் சோறு குறையவில்லை. உடம்பின் உழைப்பு குறைந்துவிட்டது. சர்க்கரை வியாதிக்கு இதைவிட நல்ல விளைநிலம் வேண்டியதில்லை.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் ஆதரவில் சென்னை நீரிழிவு ஆராய்ச்சி நிலையத்தார் நாடு முழுவதும் எடுத்த கணக்கு 2023-ம் ஆண்டு ஜூன் மாதம் வெளியாயிற்று. 1 லட்சத்து 13 ஆயிரம் பேரைச் சோதித்து எடுத்த கணக்கு அது. இந்தியாவில் 10 கோடியே 10 லட்சம் பேருக்குச் சர்க்கரை வியாதி இருக்கிறது என்று அது சொல்கிறது. நகரங்களில் நூற்றுக்கு 16.4 பேர், கிராமங்களில் நூற்றுக்கு 8.9 பேர். தமிழ்நாட்டை மட்டும் எடுத்துக்கொண்டால் 14.4 பேர். அயனம்பாக்கத்தைப் போல, ஒரு தலைமுறைக்குள் கிராமம் நகரமாகிவிட்ட ஊர்கள், 8.9-ல் இருந்து 16.4-ஐ நோக்கிப் போய்க்கொண்டிருக்கின்றன என்றே கொள்ள வேண்டும்.

நோய் பெருகும் இடத்தில் மருந்துப் பேச்சும் பெருகுவது சகஜம். வேங்கை மரத்தில் கடைந்த குவளை, ஆவாரம்பூக் கஷாயம், நாவல்கொட்டைப் பொடி என்று ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். இவற்றில் முன் வரிசையில் நிற்பது சிறுகுறிஞ்சான். "சர்க்கரையைக் குறைக்கும்" என்பதோடு இதன் புகழ் நிற்கவில்லை. "கெட்டுப்போன கணையத்தையே புதுப்பிக்கும், இன்சுலின் சுரக்கும் அணுக்களை மறுபடி முளைக்க வைக்கும்" என்கிறார்கள்.

உண்மையானால் இது சாதாரணச் செய்தி அல்ல. உலகத்தில் இன்று விற்கும் சர்க்கரை மாத்திரைகளில் ஒன்றுகூட அந்தப் பெருமையை நிரூபித்துக் காட்டியதில்லை. அப்படியானால் இந்தப் பேச்சு எங்கிருந்து வந்தது? வெறும் கட்டுக்கதையா? இல்லை. அது சென்னையிலேயே, தரமணியில், ஒரு விஞ்ஞானக் கூடத்தில் பிறந்தது.

நாக்கை ஏமாற்றும் இலை

சிறுகுறிஞ்சான் ஒரு கொடி. புதர்களிலும் வேலிகளிலும் மரங்களைப் பற்றிக்கொண்டு படரும். இதற்குச் சர்க்கரைக்கொல்லி என்றும் ஒரு பெயர் உண்டு. வடக்கே 'குர்மார்' என்கிறார்கள், அர்த்தம் அதேதான். பெயர்க் காரணத்தை அறிய விரும்புகிறவர்கள் பச்சை இலை ஒன்றை நன்றாக மென்றுவிட்டு ஒரு சிட்டிகை சர்க்கரையை வாயில் போட்டுப் பார்க்கலாம். மணலைத் தின்பது போல் இருக்கும். தித்திப்பு அறவே தெரியாது. சிறிது நேரம் கழித்து நாக்கு பழைய நிலைக்கு வந்துவிடும்.

இந்த வேடிக்கையை முதலில் ரசாயன முறையில் ஆராய்ந்தவர்களில் ஒருவர் டேவிட் ஹூப்பர். நீலகிரியில் சர்க்கார் கொயினா நிபுணராக இருந்த ஆங்கிலேயர். இலையிலிருந்து ஒரு பொருளைப் பிரித்தெடுத்து 1887-ம் ஆண்டு செய்தி வெளியிட்டார். அதைத்தான் ஜிம்னெமிக் அமிலம் என்கிறார்கள். அது ஒரே பொருள் அல்ல, ஒரே குடும்பத்தைச் சேர்ந்த பல பொருள்களின் கலவை என்பது பின்னால் தெரிந்தது. நாக்கில் தித்திப்பை உணரும் வாயில்களை அவை சிறிது நேரம் அடைத்துவிடுகின்றன.

நாக்கில் தித்திப்பைக் கொன்றால் ரத்தத்தில் சர்க்கரையையும் கொன்றுவிடுமா? அப்படி ஒரு விதியும் கிடையாது. வேப்பங்கொழுந்தும்தான் தித்திப்பை மறக்கடிக்கிறது! ஆனால் நாட்டு வைத்தியர்கள் இந்த இலையை நெடுங்காலமாக நீரிழிவுக்குக் கொடுத்து வந்திருக்கிறார்கள். அதனால்தான் சோதித்துப் பார்க்க வேண்டும் என்ற எண்ணம் சென்னைப் பல்கலைக்கழகத்தில் பிறந்தது.

தரமணியில் நடந்தது

வயிற்றில் இரைப்பைக்குப் பின்னால் கிடக்கிறது கணையம். அதற்குள்ளே சின்னச் சின்னத் தீவுகள் போல அணுக் கூட்டங்கள் சிதறிக் கிடக்கின்றன. 1869-ல் ஜெர்மன் மாணவர் பால் லாங்கர்ஹான்ஸ் இவற்றைக் கண்டார். அவர் பெயரையே தீவுகளுக்கு வைத்தார்கள். ஒரு மனிதனின் கணையத்தில் ஏறக்குறைய 10 லட்சம் தீவுகள் உண்டு. அவற்றில் உள்ள 'பீட்டா' என்ற ஜீவ அணுக்கள்தான் இன்சுலினைச் சுரக்கின்றன. சிறு வயதில் வரும் முதல் வகை நீரிழிவில், உடம்பின் காவல் படையே இந்த அணுக்களைப் பகை என்று எண்ணி அழித்துவிடுகிறது. பெரியவர்களுக்கு வரும் இரண்டாவது வகையில், அளவுக்கு மீறி வேலை வாங்கப்பட்டு அவை ஓய்ந்துபோகின்றன. வியாதி இருப்பது தெரியவரும் நாளிலேயே அவற்றின் திறனில் ஏறக்குறைய பாதி போய்விட்டிருக்கும் என்று பிரிட்டனில் நடந்த பெரிய ஆராய்ச்சி ஒன்று கணக்கிட்டது. இதில் பெரிய சங்கடம் என்னவென்றால், வளர்ந்த மனிதனின் உடம்பில் பீட்டா அணுக்கள் மறுபடி பெருகுவது மிக அபூர்வம்.

சென்னைப் பல்கலைக்கழகத்தின் அடிப்படை மருத்துவ விஞ்ஞானப் பட்ட மேற்படிப்பு நிலையத்தில் உயிர் ரசாயனத் துறையைச் சேர்ந்த பேராசிரியர் ஈ. ஆர். பி. சண்முகசுந்தரமும் அவரோடு உழைத்தவர்களும் சிறுகுறிஞ்சான் இலையிலிருந்து நீரில் கரையும் சத்துக்களைப் பிரித்தார்கள். அவற்றுக்கு ஜி.எஸ்.3, ஜி.எஸ்.4 என்று பெயர். எலிகளுக்கு ஸ்ட்ரெப்டோசோடோசின் என்ற மருந்தை ஊசி மூலம் ஏற்றினார்கள். பீட்டா அணுக்களைத் தேடிப் பிடித்துக் கொல்லும் விஷம் அது. சர்க்கரை வியாதி வந்துவிட்ட எலிகளுக்கு இலைச் சத்தைக் கொடுத்தார்கள். ஜி.எஸ்.4 கொடுத்த எலிகளுக்கு 20 நாளிலும், ஜி.எஸ்.3 கொடுத்தவற்றுக்கு 60 நாளிலும் வெறும் வயிற்று ரத்தச் சர்க்கரை இயல்பு நிலைக்கு வந்தது. கணையத்தை எடுத்துப் பார்த்தபோது தீவுகளின் எண்ணிக்கையும் பீட்டா அணுக்களின் எண்ணிக்கையும் இரண்டு மடங்காகியிருந்தன!

1990-ம் ஆண்டு இந்த முடிவு சர்வதேசப் பத்திரிகை ஒன்றில் வெளியாயிற்று. அதே ஆண்டில் மனிதர்களைப் பற்றிய இரண்டு அறிக்கைகளும் வந்தன. இன்சுலின் ஊசி போட்டுக்கொள்ளும் 27 பேருக்கு, ஊசியோடுகூடத் தினம் 400 மில்லிகிராம் ஜி.எஸ்.4 கொடுத்ததில், தேவைப்பட்ட இன்சுலின் அளவு குறைந்தது. இரண்டாவது வகை நோயாளிகள் 22 பேர் வழக்கமான மாத்திரையோடு அதே அளவு சத்தை 18 முதல் 20 மாதம் வரை சாப்பிட்டார்கள். அவர்களில் 5 பேர் மாத்திரையை நிறுத்திவிட்டு இலைச் சத்தை மட்டும் வைத்தே சமாளிக்க முடிந்தது.

எலிகளைப் பற்றிய அந்தக் கட்டுரையின் தலைப்பிலேயே சண்முகசுந்தரம் குழுவினர் ஒரு சொல்லைப் போட்டிருந்தார்கள். தீவுகள் மறுபடி வளர்ந்தன என்று அவர்கள் எழுதவில்லை. மறுபடி வளர்ந்திருக்க "இடமுண்டு" என்ற பொருளில்தான் எழுதினார்கள். விஞ்ஞானிகள் எடை போட்டு வைத்த அந்தச் சொல், தரமணியிலிருந்து கடைத்தெருவுக்கு வரும் வழியில் எங்கோ விழுந்துவிட்டது. பொட்டலத்தில் அதைக் காணோம்.

எங்கே சந்தேகம்?

அந்தச் சொல்லை அவர்கள் ஏன் போட்டார்கள் என்பதை யோசித்துப் பார்த்தால் விஷயம் விளங்கும்.

முதலாவது, எலி வேறு, மனிதன் வேறு. இளம் எலியின் கணையத்துக்குத் தானாகவே ஓரளவு தழைக்கும் சக்தி உண்டு. விஷம் எல்லா அணுக்களையும் கொல்லாமல் விட்டிருந்தால் மிஞ்சியவை பெருகும். தவிர, ரத்தத்தில் சர்க்கரை ஏறிக் கிடப்பதே பீட்டா அணுக்களுக்கு விஷம். எந்த வழியிலாவது சர்க்கரையைக் குறைத்துவிட்டால் அவை மூச்சுவிட்டுக்கொண்டு தலைதூக்கும். ஆகவே அணுக்கள் இரண்டு மடங்கானதற்கு இலைதான் நேர்க் காரணமா, சர்க்கரை குறைந்தது காரணமா என்பதைப் பிரித்துச் சொல்வது கஷ்டம்.

இரண்டாவது, மனிதர்களிடம் நடந்த சோதனை சிறியது. யார் சாப்பிடுவது மருந்து, யார் சாப்பிடுவது வெறும் மாவு என்று நோயாளிக்கும் தெரியாமல், டாக்டருக்கும் தெரியாமல் நடத்தும் சோதனைதான் இன்று ஒப்புக்கொள்ளப்பட்ட முறை. 27 பேரிடமும் 22 பேரிடமும் நடந்தது அந்த வகைச் சோதனை அல்ல. புது மருந்து கிடைக்கிறது என்று அறிந்த நோயாளி சாப்பாட்டிலும் கவனமாக இருப்பார். அதிலேயே சர்க்கரை கொஞ்சம் இறங்கும். பச்சை இலையையோ பொடியையோ வாயில் போட்டுக்கொள்கிறவருக்கு இன்னொரு லாபமும் உண்டு: அல்வாவே ருசிக்காது! அப்படி இறங்கும் சர்க்கரைக்கும் கணையத்துக்கும் சம்பந்தமில்லை.

மூன்றாவது சந்தேகம் லண்டனிலிருந்து வந்தது. அங்கே கிங்ஸ் காலேஜில் ஷாந்தா பர்சாட் என்ற விஞ்ஞானியும் அவர் குழுவினரும் அதே ஜி.எஸ்.4 சத்தைப் பீட்டா அணுக்களின்மேல் நேராகவே விட்டுப் பார்த்து 1999-ல் முடிவை வெளியிட்டார்கள். இன்சுலின் வெளிவந்தது உண்மை. ஆனால் எப்படி வந்தது? அணுவின் மேல் தோல் ஓட்டையாகி, உள்ளே இருந்த இன்சுலின் ஒழுகி வந்ததாகத் தெரிந்தது. உயிருள்ள அணுவுக்குள் புகாத சாயம் இவற்றுக்குள் புகுந்துவிட்டது. பானை பொங்குவதற்கும் பானை உடைந்து ஒழுகுவதற்கும் உள்ள வித்தியாசம் அது. காப்பாற்றும் என்று நம்பப்பட்ட பொருள், அளவு மிஞ்சினால் அணுவைச் சேதப்படுத்துமோ என்ற கேள்வியை அந்தச் சோதனை எழுப்பிவிட்டது. கண்ணாடிக் குப்பியில் அணுவின்மேல் ஊற்றும் அளவும், வயிற்றில் போய் ஜீரணமாகி ரத்தத்தில் சேரும் அளவும் ஒன்றல்ல என்பதையும் இங்கே சொல்ல வேண்டும்.

கதை அதோடு நிற்கவில்லை. அதே கிங்ஸ் காலேஜ் குழு, அதே சிறுகுறிஞ்சானின் வேறு ஒரு சத்தை எடுத்துக்கொண்டு சோதித்து, 2010-ல் இன்னொரு முடிவைச் சொன்னது. இந்தச் சத்து தோலை ஓட்டையாக்காமலே மனிதத் தீவுகளிலிருந்து இன்சுலினைச் சுரக்க வைத்தது. ஒரு சிறு கூட்டம் நோயாளிகளுக்குத் தினம் 1 கிராம் வீதம் 60 நாள் கொடுத்தபோது, ரத்தத்தில் சி-பெப்டைடு என்ற பொருளும் உயர்ந்தது. உடம்பு தானே இன்சுலினைச் சுரக்கும்போது கூடவே வரும் துணுக்கு அது. ஊசி மருந்தில் அது கிடையாது. ஆகவே கணையம் உழைக்கிறதா என்று அறிய நல்ல அடையாளம். செடி ஒன்று, இரண்டு விதமாகப் பிரித்தார்கள், இரண்டு விதமான பலன். இது கடையில் பொட்டலம் வாங்குகிறவர் கவனிக்க வேண்டிய இடம். எந்த மண்ணில் முளைத்தது, எந்த மாதத்தில் பறித்தது, நீரில் பிரித்ததா, சாராயத்தில் பிரித்ததா என்பதைப் பொறுத்து உள்ளே இருக்கும் சரக்கு மாறுகிறது. தரமணியில் கொடுத்த 400 மில்லிகிராம் சத்தும், கடையில் கிடைக்கும் ஒரு ஸ்பூன் காய்ந்த இலைப் பொடியும் ஒன்று என்று சொல்ல ஆதாரமில்லை.

வேங்கைக் குவளை

இப்படி நம்பிக்கை எழும்பி நடுவழியில் நின்றது இது ஒன்றுதான் என்று நினைக்க வேண்டாம். வேங்கை மரத்திலிருந்து கிடைக்கும் எபிகேட்டசின் என்ற பொருள் எலிகளின் பீட்டா அணுக்களைக் காப்பாற்றுகிறது, மறுபடி வளரவும் செய்கிறது என்று காசி இந்து பல்கலைக்கழகத்தார் 1980-களின் தொடக்கத்தில் அறிவித்தார்கள். லண்டன் 'லான்செட்' பத்திரிகைவரை செய்தி போயிற்று. உடனே வேறு நாட்டு விஞ்ஞானிகள் அதே சோதனையைச் செய்து பார்த்தார்கள். அவர்களுக்கு அந்தப் பலன் கிடைக்கவில்லை. அத்துடன் அந்தப் பரபரப்பு அடங்கியது.

வேங்கை முழுவதும் தோற்றுவிட்டது என்றும் சொல்ல முடியாது. புதிதாக வியாதி கண்ட 97 பேருக்கு வேங்கைச் சத்தைக் கொடுத்து இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் நடத்திய சோதனையில், 12 வாரத்தில் 67 பேருக்குச் சர்க்கரை கட்டுக்குள் வந்தது என்று 1998-ல் அறிவித்தார்கள். சர்க்கரை கட்டுப்பட்டது என்பது வேறு, அணுக்கள் மறுபடி முளைத்தன என்பது வேறு. ஊருக்கு ஊர் விற்கும் வேங்கைக் குவளையில் ராத்திரி ஊற்றிவைத்த தண்ணீருக்கும் அந்தச் சோதனைக்கும் தூரம் அதிகம். வெந்தயம் சர்க்கரையை இறக்குவது பெரும்பாலும் அதன் நார்ச்சத்தால். குடலில் சர்க்கரை மெல்ல ஏறும்படி செய்கிறது. அதுவும் நல்லதுதான். கணையத்தை வளர்க்கிறது என்று சொல்லத்தான் இடமில்லை.

செடியிலிருந்து மருந்து வராதா?

தாராளமாக வரும், வந்திருக்கிறது. சர்க்கரை வியாதிக்காரர்களில் பெரும்பாலோர் இன்று சாப்பிடும் மெட்பார்மின் மாத்திரையின் மூதாதை ஒரு செடிதான். கலேகா என்ற ஐரோப்பியச் செடியில் சர்க்கரையைக் குறைக்கும் பொருள் ஒன்று இருந்தது. ஆனால் அது விஷம். ரசாயன நிபுணர்கள் அதை ஒட்டி வேறு பொருள்களைச் செய்து பார்த்தார்கள். மெட்பார்மின் 1922-ல் தயாராயிற்று. பாரிசில் டாக்டர் ஜீன் ஸ்டெர்ன் அதை நோயாளிகளுக்குக் கொடுத்துப் பலன் கண்டு 1957-ல் அறிவித்தார். செடியை அப்படியே தின்றிருந்தால் ஆபத்து வந்திருக்கும்.

பீட்டா அணுக்களைப் பெருக்கும் முயற்சியிலும் இன்று முன்னால் நிற்பது ஒரு செடிப் பொருள்தான்! நியூயார்க்கில் மவுண்ட் சினாய் மருத்துவக் கல்லூரி விஞ்ஞானிகள் 1 லட்சத்துக்கும் மேற்பட்ட பொருள்களை வரிசையாகச் சோதித்து, ஹர்மைன் என்ற பொருள் மனித பீட்டா அணுக்களைப் பெருக வைக்கிறது என்று 2015-ல் சொன்னார்கள். மேற்கு ஆசியாவிலும் வட இந்தியாவின் வறண்ட பகுதிகளிலும் வளரும் ஹர்மல் செடியின் விதையில் அது இருக்கிறது. எலிகளுக்குள் மனிதத் தீவுகளைப் பதியம் வைத்து, ஹர்மைனோடு இன்னொரு மருந்தையும் சேர்த்துக் கொடுத்தபோது, மூன்று மாதத்தில் அணுக்கள் 700 சதவீதம் பெருகின என்று 2024-ல் செய்தி வந்தது. அதற்காக யாரும் ஹர்மல் விதையைத் தேடிப் போய்த் தின்ன வேண்டாம். அந்தப் பொருள் மூளையையும் தொடக்கூடியது. அளவு கூடினால் வாந்தி எடுக்க வைக்கும். அமெரிக்கர்கள் நேராக நோயாளியிடம் போகவில்லை. முதலில் ஆரோக்கியமான சிலருக்கு ஒரே ஒரு வேளை கொடுத்து எத்தனை தாங்குகிறது என்று பார்த்தார்கள்.

தரமணி ஆராய்ச்சிக்கும் நியூயார்க் ஆராய்ச்சிக்கும் உள்ள வித்தியாசம் மூளையில் இல்லை, பணத்தில் இருக்கிறது. வேலியில் படரும் இலைக்கு யாரும் தனி உரிமை கொண்டாட முடியாது. ஆயிரக்கணக்கான நோயாளிகளை வைத்துப் பல வருஷம் சோதிக்க எந்தக் கம்பெனியும் முதல் போடாது. சோதிக்காமலே விற்க முடிகிறபோது ஏன் போட வேண்டும்? ஆகவே இது சர்க்கார் செய்ய வேண்டிய வேலை. தாம்பரம் சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிலையம் இருக்கிறது. அரும்பாக்கத்தில் சித்த மருத்துவ மத்திய ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. நீரிழிவுச் சோதனைகளில் உலகப் பெயர் பெற்ற டாக்டர்கள் சென்னையிலேயே இருக்கிறார்கள். இவர்கள் ஒரே மேஜையில் உட்கார்ந்து, ஒரே தரமான சத்தைத் தயாரித்து, சி-பெப்டைடை அளந்து, இரண்டு வருஷம் பார்த்தால் கேள்விக்கு விடை கிடைத்துவிடும். இலை ஜெயித்தால் உலகத்துக்கே லாபம். தோற்றால் ஏழைகளின் பணம் மிச்சம். 1990-லிருந்து இத்தனை வருஷம் காத்திருந்தது போதாதா?

பெரிய சோதனை நடத்தச் சென்னைக்குத் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர், வியாதியின் வாசலில் நின்ற 531 பேரை எடுத்துக்கொண்டு மூன்று வருஷம் கவனித்து, 2006-ல் முடிவை வெளியிட்டார்கள். சும்மா விட்டவர்களில் நூற்றுக்கு 55 பேருக்கு வியாதி வந்துவிட்டது. நடை, உணவுக் கட்டுப்பாடு இவற்றை மேற்கொண்டவர்களில் நூற்றுக்கு 39 பேருக்குத்தான் வந்தது. மெட்பார்மின் சாப்பிட்டவர்களிலும் ஏறக்குறைய அதே அளவு. பீட்டா அணுக்களின் சுமையைக் குறைக்கும் வழி ஒன்று, நம் ஊர்க்காரர்களின் உடம்பிலேயே நிரூபிக்கப்பட்டிருக்கிறது என்பது இதன் பொருள். அதைப் பொட்டலம் கட்டி விற்க முடியாததால் விளம்பரம் இல்லை.

விளம்பரத்தைப் பற்றிச் சட்டமும் இருக்கிறது. 1954-ல் இயற்றப்பட்ட ஆட்சேபகரமான மருந்து விளம்பரத் தடைச் சட்டத்தின் அட்டவணையில் நீரிழிவின் பெயர் உண்டு. இன்ன மருந்து நீரிழிவைத் தீர்க்கும் என்று விளம்பரம் செய்வதே குற்றம். சட்டம் பழையது; விளம்பரங்களோ தினமும் புதிது.

இன்சுலினை நிறுத்தலாமா?

பெரியவர்கள் பொடி சாப்பிட்டுப் பணத்தை இழப்பது ஒரு சங்கதி. முதல் வகை நீரிழிவு வந்த குழந்தைகளின் சங்கதி வேறு. அந்தக் குழந்தைக்கு இன்சுலின்தான் மூச்சு. "கணையம் புதுப்பிக்கப்படுகிறது" என்ற பேச்சை நம்பி ஊசியை நிறுத்தினால், சில நாளிலேயே ரத்தத்தில் அமிலம் ஏறி, வாந்தியும் வேக மூச்சும் கண்டு, உயிருக்கே மோசம் வந்துவிடும். தரமணி சோதனையில்கூட அந்த 27 பேருக்கும் இன்சுலின் நிறுத்தப்படவில்லை. இலைச் சத்து அதோடு கூடுதலாகத்தான் கொடுக்கப்பட்டது. பொடி விற்பவர்கள் இதைச் சொல்வதில்லை.

காவல் படையின் தாக்குதலை எதிர்த்து அணுக்களைச் சிறிது காலம் காக்கும் மருந்து ஒன்றுக்கு அமெரிக்க சர்க்கார் 2022-ல் அனுமதி கொடுத்தது. டெப்ளிசுமாப் என்று பெயர். வியாதியின் முன் அறிகுறி உள்ளவர்களுக்குக் கொடுத்தால் ஏறக்குறைய இரண்டு வருஷம் தள்ளிப்போடுகிறது. விலையோ சாமானியர் நினைத்துப் பார்க்கக்கூடியது அல்ல. இலையின்மேல் ஏழைகளுக்கு இருக்கும் ஆசையைக் குறை சொல்கிறவர்கள் இந்த விலையையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

மாத்திரையோடு சிறுகுறிஞ்சானையும் சேர்த்துச் சாப்பிடுகிறவர்கள் அதை டாக்டரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும். இரண்டும் சேர்ந்து சர்க்கரையை அளவுக்கு மீறி இறக்கிவிட்டால் வியர்வை, நடுக்கம், மயக்கம் வரும். இந்த இலையில் போட்ட டீயைக் குடித்து வந்த ஒருவருக்கு ஈரல் வீங்கியதாக 2010-ல் மருத்துவப் பத்திரிகையில் செய்தி வந்தது. ஒருவருக்கு வந்தது என்பதால் எல்லோருக்கும் வரும் என்றில்லை, ஆனால் கண் மஞ்சளித்தால் பொடியை உடனே நிறுத்த வேண்டும். பலன் இருக்கிறதா என்று பார்க்க ஒரு நாள் காலை ரத்தம் எடுத்துப் பார்த்தால் போதாது. மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்.பி.ஏ.1.சி. என்ற சோதனையைத் தொடங்கும்போது ஒரு தடவையும், மூன்று மாதம் கழித்து ஒரு தடவையும் செய்து பார்க்கலாம். கணையம் எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்று அறிய விரும்புகிறவர்கள் சி-பெப்டைடு சோதனையைப் பற்றி டாக்டரிடம் கேட்கலாம்.